பெஞ்சமின் பீரோவில் முப்பத்தொரு பெட்டிகள்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் பரீது அண்ணாச்சி அவர்களே, ஜெபம் செய்து தொடங்கிவைத்த சபைக் குருவானவர் ஐயரவர்களே, முன்வரிசையில் தலை கவிழ்ந்திருக்கும் பெஞ்சமின் மனைவி, தங்கச்சி ஜாய் அவர்களே, ஷட்டரை இறக்கிவிட்டுக் குற்றாலம், செங்கோட்டை, ஆய்க்குடி என்று நாலு பக்கமிருந்தும் வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே! செயலாளர் சிவசைலம் பேசுகிறேன். கோபம் வந்தால்தான் எனக்குப் பேச்சே வரும் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் கோபத்தில்தான் நிற்கிறேன்.

ஏர்பேக் நிபுணர், நம் சங்கத் துணைத்தலைவர் பெஞ்சமின் போய்விட்டார். எப்படிப் போனார்? போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆய்க்குடி டீச்சரம்மா காருக்குப் புது ஏர்பேக் கண்ட்ரோல் பெட்டியை மாட்டி, சேஸிஸ் நம்பரை அதில் ஏற்றி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுச் சாவியைத் திருப்பியிருக்கிறார். சிவப்பு விளக்கு எரிந்து ஆறு வினாடியில் அணைந்தால் வேலை சரி. விளக்கு அணைந்திருக்கிறது. டீச்சரம்மா வந்தபோது, இவர் திறந்த கண்ணோடு டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மூச்சில்லை, நெஞ்சு நின்றுபோயிருந்தது. மடியில் கிடந்த ஸ்கேனர், ‘வேலை முடிந்தது, சாவியை அணைக்கவும்’ என்று விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. டீச்சரம்மா போட்ட சத்தத்தில் ஓடிப்போய் அதை அணைத்தவன் நான்.

தொழில் தெரியாத வீட்டாருக்காகச் சொல்கிறேன். அந்தப் பெட்டி கியர் கம்பிக்குக் கீழே, உள்ளங்கை அளவில் இருக்கும். மோதும்போது பையை விரியச் சொல்வது அதுதான். கடைசி ஐந்து வினாடியையும் தனக்குள் எழுதிக்கொள்ளும். என்ன வேகம், பிரேக்கில் கால் இருந்ததா, எல்லாம். ஒரு தடவை பை விரிந்துவிட்டால் பெட்டியைப் புதிதாகத்தான் மாட்டவேண்டும். நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! பதிவை அழித்து, பழையதையே மாட்டி, விளக்கு அணைந்ததும் கும்பிடு போட்டு அனுப்புகிறோமே! பெஞ்சமின் செய்தாரா? ஒருநாளும் இல்லை! அழித்துத் தரச் சொல்லி வந்தவனை, “ஏலே, செத்தவன் கடைசியா சொன்னதுல்லா இது. இதப் போயி அழிக்கச் சொல்லுதியே, நீ வெளங்குவியா?” என்று வாசலோடு விரட்டினார்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் வண்டியைத் தொடமாட்டார். நம்மையும் விடமாட்டார். “சும்மா இரும் அண்ணாச்சி. உசிரு போனாலும் உள்ள கரண்டு கொஞ்ச நேரம் நிக்கும்” என்பார். அந்தப் பத்து நிமிஷத்தில், வண்டியில் இறந்தவர் யார், என்ன பேர் என்று விசாரிப்பார். கழற்றிய பெட்டியில் அந்தப் பேரை ஒட்டிப் பீரோவில் வைப்பார். முப்பத்தொரு பெட்டி! கீழப்பாவூரிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் பெற்றவர்கள் தேடி வருவார்கள். மேசையில் பெட்டியை வைத்து, ஒயர் கொடுத்து, “அஞ்சு... நாலு... மூணு...” என்று அவர்கள் எதிரிலேயே வாசிப்பார். பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். செத்தவன் வண்டியோடு அந்த அறைக்குள் வருகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் நானும் போனேன். நாலு வருஷத்துக்கு முன், என் மகன் குற்றாலீஸ்வரனின் பெட்டியோடு. பழைய குற்றாலம் ரோட்டில் புளியமரத்தில் மோதினான். ரோடு காய்ந்து கிடந்தது. எதிரே வண்டியே இல்லை. அன்று காலையில்தான், “என் கண்ணு முன்னால நிக்காதலே, எங்கயாவது போயித் தொலை” என்று அவனைப் பேசினேன். இந்த வாய்தான் பேசியது! அவனாகப் போய் மோதினானா, கை தவறியதா? அது தெரியாமல் எனக்குத் தூக்கமில்லை. எல்லாருக்கும் எதிரில் வாசிக்கிற பெஞ்சமின், என்னை மட்டும் வெளியே உட்காரச் சொன்னார். அரை மணி கழித்து வந்தார். “அண்ணாச்சி, பிரேக்க நல்லா மிதிச்சிருக்கான். ரெண்டு செகண்டு மிதிச்சிருக்கான். பிள்ள பொழைக்கத்தான் பாத்திருக்கான்” என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சோறு தின்றேன்.

அடக்கம் முடிந்ததும் ஜாய் பீரோச் சாவியை என்னிடம் கொடுத்தார். நேற்றுப் பகலில் திறந்தேன். ஒவ்வொரு பெட்டியாக ஒயர் கொடுத்தேன். முப்பது பெட்டியும் பேசின. வேகம் வந்தது, பிரேக் வந்தது, பிறகு நின்றது. என் மகன் பெட்டியில் ஒன்றுமில்லை. ஒயரைக் கழற்றி மறுபடி கொடுத்தேன். ‘மோதல் பதிவு இல்லை’ என்றது ஸ்கேனர். அப்படியொரு மரமே அங்கே நிற்கவில்லையாம்! அது தானாக அழியாது, தோழர்களே. உங்களுக்கே தெரியும். வாழ்நாளில் ஒரு பெட்டியையும் அழிக்காத மனுஷன், இதை மட்டும் தன் கையால் அழித்திருக்கிறார்.

ஏன் அழித்தாய் பெஞ்சமின்? மிதித்தது உண்மையென்றால் அதை எதற்கு அழிக்கவேண்டும்? என்றைக்காவது நான் அந்தப் பீரோவைத் திறப்பேன் என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறதே, பாவி!

தங்கச்சி ஜாய், அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று உன்னிடம் சொல்லியிருப்பார். உன் முகத்திலேயே தெரிகிறது. நிமிர வேண்டாம். நாளைக்கு நான் உன் வாசலில் வந்து நின்று கெஞ்சினாலும் சொல்லிவிடாதே, தாயே.

தோழர்களே, இனி அந்தப் பீரோவுக்கு நான் பொறுப்பு. தென்காசி வட்டாரத்தில் எந்தப் பெட்டியையும் அழித்து மாட்டமாட்டோம்! பத்து நிமிஷம் காத்திருப்போம், புதியதையே மாட்டுவோம், அந்த வண்டியின் நம்பரையே அதில் ஏற்றுவோம்! சங்கத்தின் பேரால் பெஞ்சமினுக்கு இந்த உறுதியைக் கொடுக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு, உள்ளே இருப்பதை இருக்கிறபடி வாசித்துச் சொல்லுவேன்.

என் மகனைப் பற்றி யாரும் கேட்டால் அதையும் சொல்லுவேன். பிரேக்கை நன்றாக மிதித்தான். ரெண்டு செகண்டு மிதித்தான்.