படிவத்தில் எழுதிய சைபர்

மன்னாரில் முருங்கன் பஸ் ஏறினேன். இருக்க இடமில்லை. நான் பிடித்து நின்ற கதிரையில் ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இருவர் இருந்தார்கள். பஸ் பாலத்தில் ஏறும்போது இளையவர் சத்தமாகவே சொன்னார்.

"விசேட தேவையுள்ள பிள்ளையளின்ர எண்ணிக்கை எங்கட பள்ளிக்கூடத்தில சைபராம், அக்கா!"

"மெல்லமாக் கதையுங்கோ, டீச்சர்."

"படிவம் நிரப்பினது நீங்கள்தானே?"

"அதிபர் நிரப்பச் சொன்னவர். நிரப்பினனான்."

"நேற்று வலயக் கல்விக் கந்தோரில கேட்டனான். அப்பிடிப் பிள்ளையள் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு என்னத்துக்கு விசேட கல்விப் பயிற்சி எண்டு கேக்கினம். ஒரு வருசமாக் காத்திருந்தனான், அக்கா. என்ர இடம் போயிட்டுது."

"ஒருக்கா அந்தப் பதிவில பேர் ஏறினா இறங்காது, டீச்சர். நாளைக்கு அந்தப் பொம்பிளைப் பிள்ளையை ஆர் வந்து கட்டுவினம்?"

இளையவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"என்ர ரெண்டாம் வகுப்பில ஒரு பிள்ளை கொப்பியை விரிச்சாலே அழுகுது. எழுத்தெல்லாம் ஓடுதாம். எப்பிடிப் படிப்பிக்கிறதெண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. பொறுக்கேலாமல் போன கிழமை அடிச்சும் போட்டன்."

மூத்தவர் மடியிலிருந்த பை விழ எழும்பிவிட்டார்.

"என்ர பிள்ளைக்கு அடிச்சனீங்களோ?"

டிக்கெட் போட வந்த கொண்டக்டர்கூட அப்படியே நின்றுவிட்டார்.

"நான் பேர் சொல்லேல்லையே, அக்கா."