கரண்டு வந்த பதினொண்ணாம் நாள்

இருங்க சாரே, அந்த ஸ்டூல்ல இருங்க. அது ஒண்ணும் செய்யாது, மரந்தான். கரண்டாபீசுக்காரரே இந்த வீட்டுக்குள்ள கால வைக்கப் பயந்தா நாங்க எங்க போயிப் படுக்க? பியூசெல்லாம் பிடுங்கியாச்சு. அத மட்டும் ஒடனே செஞ்சிட்டாங்க உங்க ஆளுக. பிள்ளையத் தூக்க ஆள் வருகதுக்கு முன்ன பியூசப் பிடுங்க ஆள் வந்தாச்சு.

காப்பி குடிக்கியளான்னு கேக்க மாட்டேன். காப்பி போடுகவ போயாச்சு. பதினாறாம் நாள் காரியம் கழிஞ்சு இன்னைக்கு நாலு நாளாச்சு. இப்பம் வந்து கேக்கிய, சம்பவம் எப்படி நடந்துதுன்னு. சம்பவமாம்! இருபத்திரண்டு வயசுப் பிள்ள சாரே. எம்மருமவ. அழகியநாயகின்னு பேரு. எழுதுங்க. சர்க்காரு பாசைன்னு மலையாளத்துலயா எழுதுகிய? எப்பிடியும் எழுதுங்க, நான் சொல்லாத ஒண்ணு அதுல இருக்கப்பிடாது.

எம்பேரு பார்வதியம்மாள். வீட்டுக்காரரு போயி ஆறு வருசமாச்சு. ஒரே மவன், முத்துக்குமாரசாமி. நாகர்கோயில்ல கச்சேரியில குமஸ்தா. உங்க கையில இருக்குல்லா மனு, அது அவன் எழுதுனதுதான். வயரிங் பண்ணுன சத்தியநேசனோட லைசென்ச எடுக்கணும், போலீசுல பிடிச்சுக் குடுக்கணும், அதானே எழுதியிருக்கான்? தெரியும். எழுதிட்டு எங்கிட்டதான் வாசிச்சுக் காட்டுனான். நான் ஒண்ணும் சொல்லல்ல.

கோவம் இல்லாமயா? யாரு மேல இல்லன்னு கேளுங்க. எம்மவன் மேல இருக்கு. எவன் கேட்டான் இந்தச் சவத்துக் கரண்ட? பத்தயத்துல நெல்லு இருக்கு, கால்வாயில வெள்ளம் ஓடுது, புன்னக்கா எண்ணெயில வெளக்கு எரியுது, இதுல என்ன கொறவு? பொண்டாட்டி வடசேரிக்காரியாம். பொறந்த வீட்டுல கரண்டு வெளிச்சத்துல வளந்தவளாம். இங்க வந்து பொகைக்குள்ள கெடந்து கண்ணு செவக்குகாளாம். அவ ஒரு நாளும் கேட்டதில்ல சாரே. அவ எதையுந்தான் கேட்டதில்ல. இவனா மனு குடுத்து, ஆபீசு ஆபீசா ஏறி எறங்கி, போஸ்ட் நாட்ட வச்சான். இந்த ஊருல மூணு வீட்டுக்குத்தான் மொதல்ல குடுத்தாங்க. அந்த மூணுல இது ஒண்ணு. பெருமை!

மொத நாளு, செவ்வாக்கெழமை. பல்பு எரிஞ்ச ஒடன எல்லாரும் கன்னத்துல போட்டுக் கும்பிட்டோம். சிரிக்கியளா? அந்திக்கு வெளக்கப் பாத்துக் கும்பிடாத கையும் ஒரு கையா? கண்ணாடிக் குடுக்கைக்குள்ள இருந்தாலும் வெளக்கு வெளக்குதானே.

ஆமா, அந்த சுவிச்சு அரங்குலதான், உள் அறையில. சாமி படத்துக்குப் பக்கத்துல. மூடி பித்தளைதான், அது நெசந்தான். ஏன் பித்தளை போட்டான்னு எங்கிட்ட கேட்டா? சத்தியநேசங்கிட்ட கேளுங்க. கேட்டாச்சா? என்ன சொன்னான்?

வீட்டுல கேட்டாங்கன்னு சொன்னானா. வீட்டுல யாருன்னு சொல்லல்லியாக்கும்? நீங்க கேட்டும் சொல்லல்லியா? ஞாவகம் இல்லன்னானா?

சவத்துப் பய! ஞாவகம் இல்லியாம்! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தான்? பார்வதியம்மாதான் பிடிவாதம் பிடிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இப்பம் இல்ல இல்லன்னு உங்ககிட்ட நாலு சண்ட பிடிச்சுட்டு நிம்மதியா இருப்பேன்லா? யாரக் காப்பாத்துகதுக்கு அவனுக்கு இந்த மரியாதை? அவன் வேலை போவப் போவுது, வீட்டுல பொண்டாட்டி பிள்ளைக இருக்கு, அவனுக்கு எம்பேரச் சொல்ல நாக்கு வரல்லியாம்!

நாந்தான் கேட்டேன். எழுதுங்க. அவன் கருப்பா ஒரு மூடியத்தான் கொண்டு வந்தான், கரிக்கட்ட மாதிரி. அம்மா இதுதான் நல்லது, இதுல கரண்டு ஏறாதுன்னான். சாமிக்கு முன்ன, வெளக்கு வைக்கிற எடத்துல, இந்த மூதேவியவா ஒட்டுவன்னு நான் சத்தம் போட்டேன். மறுநா பித்தளை மூடி வாங்கிட்டு வந்தான். நல்ல பொன்னு மாதிரி மின்னுச்சு. செவ்வாயும் வெள்ளியும் குத்துவெளக்கத் தேய்க்கும்போது அதையும் சேத்துத் தேய்ப்பேன். புளியும் சாம்பலும் போட்டு.

என்னத்த அப்பிடிப் பாக்கிய? சுவிச்சு மூடியத்தான் சொல்லுகேன். பித்தளைன்னா புளி போட்டுத் தேய்க்காம என்ன செய்ய? களிம்பு பிடிச்ச எடத்துல கைய வச்சா வெளக்கு ஏத்துவாங்க? தேச்சு, ஒரு செம்பு வெள்ளம் விட்டுக் கழுவித்தான் தொடைப்பேன். உங்க ஆபீசுலேருந்து எவனாவது வந்து இத வெளக்கு மாதிரித் தேய்க்கப்பிடாதுன்னு சொன்னானா? போஸ்ட் நாட்டத் தெரியுது, கம்பி இழுக்கத் தெரியுது, வீடு வீடா வந்து நாலு வார்த்தை சொல்லத் தெரியல்லியா உங்களுக்கு?

இல்ல... அவன் சொன்னான். சத்தியநேசன் சொன்னான்.

எட்டாம் நாளு, செவ்வாக்கெழமை. பக்கத்து வீட்டுல வேலைக்கு வந்தவன், என்னமோ கேக்க முத்தத்துல வந்து நிண்ணான். நான் அரங்குல தேச்சுக்கிட்டு நிக்கேன். அங்கேருந்தே அலறுனான். அம்மா கைய எடுங்க, கைய எடுங்க, வெள்ளம் உள்ள எறங்கினா மூடியெல்லாம் கரண்டு வந்துரும், ஈரக் கையோட இதத் தொடப்பிடாது, செத்துருவியன்னு. ஊருக்கே கேக்கும்படியா. வீட்டுப் பொம்பளயப் பாத்துச் செத்துருவன்னு சொல்லுகான்! எனக்கு எப்பிடி இருக்கும்? ஏலே, மெழுகுதிரி கொளுத்துக வேதக்காரன், நீ எனக்கு வெளக்கு வைக்கப் படிச்சுத் தாரியான்னு கேட்டேன். மொகம் சின்னதாப் போச்சு. ஆனா போவல்ல. திரும்பவும் சொன்னான், மெள்ள. எங்கிட்ட இல்ல. அடுக்களை வாசல்ல நிண்ண நாயகியப் பாத்து. தங்கச்சி, நீயாவது கேட்டுக்கோன்னு. அவ தலைய ஆட்டுனா. கரண்டு வெளிச்சத்துல வளந்தவல்லா, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

எனக்கு அன்னைக்கே அவ மேலயும் கோவம். எம்முன்னால நிண்ணு அந்நியன் சொன்னதுக்குத் தலையாட்டுகா பாரு.

இன்னும் என்னத்துக்கு எழுதாம இருக்கிய? எழுதுங்க. பதினொண்ணாம் நாளு வெள்ளிக்கெழமை. காலையில நான் தேச்சுக் கழுவியாச்சு. அந்திக்கு, வீட்டுக்கு வந்த மருமவ சுவிச்சப் போட்டு வெளக்கு வைக்கட்டுமேன்னு அவளக் கூப்பிட்டேன். கெணத்தடிக்குப் போயி கை கால் மொகம் கழுவிட்டு வந்தா. வந்தவ, அரங்கு நடையில நிண்ணு முந்தானைய எடுத்துக் கையத் தொடச்சா. ரெண்டு கையும், வெரல் வெரலா. என்ன ஏட்டி செய்யுகன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல அத்தேன்னா.

முந்தானையில தொடச்ச கையோடயா வெளக்கு வைப்பாங்க, போயி திரும்பவும் கழுவிட்டு வாட்டின்னு நாந்தான் அனுப்புனேன். கழுவிட்டு வந்தா. தொடைக்கல்ல.

பேனாவ ஏன் கீழ வச்சிட்டிய? எடுங்க. எம்மவன் நாலு மணி பஸ்ஸுக்கு வருவான், அதுக்கு முன்ன நான் ஒப்புப் போட்டாவணும். அவனுக்கு இதொண்ணும் தெரியாது.