பேனை கேட்டவள்

ஓடுகிறோம். சுவிஸில் பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸ். 1986. காலை ஆறு மணி. கீழே வண்டிக் கதவு அடிபடுகிறது. ஒன்று. இரண்டு. மேல்வீட்டு அண்ணை கத்துகிறார்: "தங்கச்சி, பொலிஸ்! பின்படியால ஓடுங்கோ!" என் கணவர் முன்னால். காலில் சப்பாத்து இல்லை. எங்கும் பனி. பின்னால் பொலிஸ்காரன் "ஹால்ட்!" என்கிறான், நில் என்று. தண்டவாள ஓரத்தில் வழுக்கி விழுகிறார். விலங்கு பூட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

என்னைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. எனக்கு விசா இருந்தது. அவர் என் கணவர் என்று அதிகாரிகள் நம்பியிருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும்.

அதற்கு முன் நடந்த விசா விசாரணையில் என்னிடம் கணவர் பெயரைக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. அம்மா சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. "பேனை தாங்கோ, எழுதித் தாறன்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். அதிகாரி தரவில்லை. வாயால் சொல்லட்டுமாம். நான் குனிந்திருந்தேன். "கணவன் பெயரே தெரியாது. பொய்க் கல்யாணம். தமிழர்கள் இப்படித்தான்" என்று எழுதினான். இப்படித்தானாம்!

ஹெட்விக் எங்கள் சட்டத்தரணி. பேர்ன்காரி. தமிழருக்கு வீடு இல்லை என்றவர்களையும், எங்களை வாசலோடு திருப்பிய உணவகக்காரனையும் எதிர்த்து வழக்காடியவர். அதனால் அவருடைய சொந்தத் தமையனே அவரோடு கதைப்பதில்லை. கணவரைப் பிடித்த அன்று காலை எட்டு மணிக்கு அவர் அலுவலகக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

விசாரணைக் குறிப்பை நின்றபடியே வாசித்தார். நான்காம் பக்கம். ஒரு வரி. "பேனை கேட்டாள்." மேசையில் ஓங்கி அடித்தார். பெயர் தெரியாதவள் எதற்குப் பேனை கேட்கிறாள்? ஒரு சுவிஸ்காரி கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டீர்களா? மேன்முறையீட்டில் இதைத்தான் எழுதினார்.

தீர்ப்புக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. கணவரை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் இறங்கினார். அதுவரைதான் தெரியும். பிறகு கடிதம் இல்லை. கண்டவர் இல்லை.

வழக்கில் வென்றோம். ஹெட்விக் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த அதிகாரி மேல். என் வாயின் மேலும். இன்றும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம். ஹெட்விக்கும் அடங்கவில்லை. அதன்பின் பதினொரு ஆண்டுகள் எங்களுக்காக வழக்காடினார்.

இழந்தது இவ்வளவு. ஒரு மனிதர், முப்பத்தொரு வயது. அந்த நாட்களில், மூன்று மாதத்தில் என் வயிற்றில் தங்காமல் போன ஒரு பிள்ளை. நான் அவருடைய மனைவிதான் என்று நீதிமன்றம் எழுதித் தந்த நாளில், அவர் காணாமல் போய் ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள்.