நானூறுக்குக் கீழே

இல்லீங்க, வலிக்கவே வலிக்காது. உங்க பொண்ணுகிட்ட பயப்பட வேணாம்னு சொல்லுங்க. சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வச்சிட்டு, பேனா மாதிரி ஒண்ணைக் கருவிழியில லேசாத் தொடுவாங்க. எவ்வளவு தடிமன்னு அது சொல்லிடும். இன்னொரு மிஷின் தொடாது. வெளிச்சம் அடிச்சுப் படம் புடிக்கும், அவ்வளவுதான்.

எனக்கா? எனக்கில்லீங்க, என் தம்பிக்கு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவன். ஒரு நாள் கொக்கி ரெண்டாத் தெரியுதுன்னு பாதி வேலையில எறங்கி வந்துட்டான். கருவிழி மெலிஞ்சு கூம்பா முன்னால தள்ளுதாம். மருந்து விட்டு நீல லைட்டு காட்டி இறுக்கிட்டா அதோட நின்னுடும்னாங்க. ஆனா தடிமன் நானூறு மைக்ரானாவது இருக்கணுமாம். இல்லேன்னா அந்த லைட்டே உள்ள போயி கண்ணைக் கெடுத்துடுமாம்.

பேனா நானூத்தி ஆறுன்னுச்சு. வெளிச்ச மிஷின் முந்நூத்தி எம்பத்தெட்டு. டாக்டரம்மா கொறஞ்சதைத்தான் நம்பணும்னுட்டாங்க. பேனா தொட்ட எடத்தை மட்டும்தான் சொல்லும், ரொம்ப மெலிஞ்ச எடம் பக்கத்துல இருந்தா அதுக்குத் தெரியாதாம். இவன் விடல. தொட்டுப் பாத்தவன் பேச்சை விட்டுட்டு எட்ட நின்னு பாத்தவன் பேச்சைக் கேக்குறீங்களேன்னு அவங்ககிட்டயே கேட்டான். அவங்களே சிரிச்சுட்டாங்க.

அப்புறம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துக்கிட்டு அலைஞ்சேன். எங்க போனாலும் பேனா கொஞ்சம் கூட, வெளிச்சம் கொஞ்சம் கம்மி. அந்த இடைவெளியிலதாங்க நாங்க ரெண்டு பேரும் குடியிருந்தோம். சாப்பிட உக்காந்தா, பேனா சொல்றதுதான் சரி, அக்காம்பான். ஆமாடாம்பேன்.

உங்க பொண்ணு கண்ணைக் கசக்குதா? விடாதீங்க. இவன் தூக்கத்துலகூட கசக்குவான்.

அவனா? கன்னத்துல மருந்து வழிஞ்சிடுச்சுன்னு மூஞ்சி கழுவப் போயிருக்கான். அதுக்குள்ள மொதல்ல பாத்த அந்த டாக்டரம்மாவே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. அவன்கிட்ட இன்னும் சொல்லல. இனிமே கருவிழியை மாத்துறதுதானாம். அதுக்கு யாராவது கண்ணைத் தானம் பண்ணணும், நம்ம முறை வரணும். வந்து மாத்துனாலும் கிரேன்ல ஏத்த மாட்டோம்னு கம்பெனியில முன்னாடியே சொல்லிட்டாங்க. வந்ததும் எது எவ்வளவு காட்டுச்சுன்னுதான் கேப்பான்.

இன்னைக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க காட்டுச்சு. முந்நூத்தி நாப்பது.