மூடாத பெட்டியும் நீட்டிய கைகளும்

தலைமை தாங்கும் அருட்தந்தை மலாக்கி அவர்களே, குளிரைக் கோட்டுக்குள் ஒளித்துவந்த பெரியவர்களே, உருளைக்கிழங்குச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, வணக்கம்.

என் பேத்தி ஈஃபா மாவட்ட விழாவின் சிறந்த நடிகை. இன்றைய நாடகத்தில் அவள்தான் விதவை. அவள் தம்பி டெக்லன் கால்வேயில் டாக்டர். மூத்த பேரன் கஹல் பாஸ்டனில் பாலம் கட்டுகிறான். பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விடுகிறீர்கள். இதைச் சொல்லாமல் எனக்கு எதற்கு மைக்?

இந்த நாடகத்தை எழுதிய நம் ஃபின்டன் கீவனி யார்? தையல்காரியின் மகன். மன்னரை எழுதவில்லை, மாளிகையை எழுதவில்லை. மழையில் நனைந்த மனிதர்களை எழுதினார். "எனக்குக் கற்பனை கிடையாது, காதுதான் உண்டு" என்பார். அந்தக் காதே வினையாயிற்று. அவர் நாடகத்தில் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு டப்ளின் சிரித்தது. நம் கில்பிரானன் கதவைச் சாத்திக்கொண்டது.

அவர் தாய் இறந்தார். புயலில் கப்பல் தாமதித்தது; லண்டனிலிருந்து அவர் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. துக்கவீட்டில் வரிசையில் வந்து பகையாளிக்கும் கைகொடுத்துத் துக்கம் கேட்கும் ஊர் நம் ஊர். அவருக்கு ஒரு கை நீண்டதா? ஒரு வாய் திறந்ததா?

திரும்பிப் போய், இன்று நீங்கள் பார்க்கப்போகும் இந்த 'மூடாத பெட்டி'யை எழுதினார். ஆண்டுகள் கழித்து அது இதே மன்றத்துக்கு வந்தது. அவரும் வந்து, அதோ, அந்த வாசலருகே நின்றார். இம்முறை என்ன கேலியோ என்று கைகட்டி உட்கார்ந்திருந்தோம். திரை விலகியது. சவப்பெட்டி, மெழுகுவத்தி, உயிர் போன நேரத்தில் நிறுத்திவைத்த கடிகாரம், அழும் விதவை. வசனம் இன்னும் தொடங்கவில்லை.

அவரோடு இனிப் பேசுவதில்லை என்று சபதம் போட்ட கடைக்கார நோரா டெவானி, கணவரை முழங்கையால் இடித்தார்.

"எந்திரிய்யா."

"நாடகம்டி. பெட்டிக்குள்ள ஒண்ணுமில்ல."

"பக்கத்துல ஒருத்தி அழுவுறா. உட்கார்ந்து வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

மேடையேறி நடிகையின் கையைப் பற்றினார். "உன் துக்கத்துக்கு வருந்துறேம்மா." அவ்வளவுதான், வரிசை வரிசையாக எழுந்தோம். அந்தப் பெண் வசனத்தை ஆரம்பித்தாள், யார் கேட்டது?

மேடையிலிருந்து இறங்கிய வரிசை சுவரோரமாக வாசலுக்கு வந்தது. அங்கே ஃபின்டன். நோரா நின்றார். துக்க வரிசையில் நடந்து வந்தவர், ஒரு கையை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியுமா?

"உங்கம்மா தைச்ச கோட்டைத்தான் இன்னும் போட்டிருக்கேன். ரொம்ப லேட்டாயிடுச்சு, ஃபின்டன். உன் துக்கத்துக்கு வருந்துறேன்."

"நானும் லேட்டாத்தானே வந்தேன், நோராக்கா."

பிறகு ஊரின் கைகள் அத்தனையும் அந்தக் கைக்கு வந்தன. மீதி நாடகம் நடக்கவேயில்லை. டிக்கெட் காசை யாரும் திருப்பிக் கேட்கவுமில்லை. மேடைக்கும் சபைக்கும் நடுவே சுவர் வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் எழுதினாரே, அந்தச் சுவரை அன்று இடித்தது யார்? நாம்.

இந்தக் குளிர்காலத்தில் என் வீட்டுக்காரரை அடக்கம் செய்தோம். பனியால் விமானம் பறக்கவில்லை. கஹல் வரவில்லை. போனில் அழுதான். பாஸ்டனில் அவனுக்குக் கைகொடுக்க யார் இருக்கிறார்கள்?

இதோ, பெட்டி மேடைக்கு வரப்போகிறது. எழுந்திருக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

பத்திரிகைப் படக்காரத் தம்பி, அன்றெடுத்த ஒரே படத்தை ஈரம் தின்றுவிட்டது. புதிதாக ஒன்று எடுங்கள். முகங்கள் மங்கினாலும் பரவாயில்லை, கைகள் தெரியட்டும். அதை என் கஹலுக்குத் தபாலில் அனுப்பிவையுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.