மச்சானுக்குக் கேட்டது

எங்கள் வீட்டில் யாரையும் ஒரு தடவை கூப்பிட்டால் வரமாட்டார்கள். அதிலும் என் மனைவியின் அண்ணன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், மூன்று தடவை கூப்பிட்டாலும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்கமாட்டார். தங்கை வந்து எதிரே நின்று வாயைத் திறந்தால் மட்டும் உடனே பதில் வரும். ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இதைப் பார்த்தவன் நான். காது சோதிப்பதுதான் எனக்குத் தொழில். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது, என்னை மதிக்கத்தான் மனமில்லை என்று முடிவுகட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருக்குச் சரக்குக் கிடங்கில் வேலை. பின்னோக்கி வரும் லாரிகளுக்குக் கை காட்டி நிறுத்துவார். போன வருஷம் கிடங்கில் காதுச் சான்றிதழ் கேட்டார்கள். காது மந்தம் என்றால் கருவி மாட்டவேண்டும், அதிலும் கேட்கவில்லை என்றால் வேலை கிடையாது. நேரே என்னிடம் வந்தார். "மாப்ள, உங்களத்தான் மலபோல நம்பியிருக்கேன்" என்றார்.

சோதனை அறை ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே இருப்பவருக்கு நான் வெளியிலிருந்து 'பீப்' என்று ஒலி அனுப்புவேன். கேட்டால் அவர் பொத்தானை அழுத்தவேண்டும். முதலில் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். பாதிக்கு மேல் அவர் அழுத்தவில்லை. நடிக்கிறார் என்று பட்டது. என் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, ஒலியே அனுப்பாமல் விசையை மட்டும் தட்டுவதுபோலக் கையை அசைத்தேன். அழுத்தினார். மறுபடி அசைத்தேன், மறுபடி அழுத்தினார்.

கண்ணாடி வழியாக என் கை அசைவதை அவர் பார்த்திருப்பாரே என்று நீங்கள் கேட்டீர்கள். பார்த்திருக்கலாம். ஆனால் வராத ஒலியே கேட்கிறவருக்கு வந்த ஒலி எப்படிக் கேட்காமல் போகும் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

அதனால் ஒரு காதுக் கருவியில் சத்தத்தைக் கூட்டும் பகுதியைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டை அவர் காதில் மாட்டினேன். சின்ன விளக்கு மட்டும் எரியும். நன்றாகக் கேட்கிறது என்று சொல்லட்டும், தங்கை முன்னாலேயே குட்டை உடைத்துவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் காலையில் அவரே சொன்னார். "மாப்ள, ஃபேன் சுத்துற சத்தம்கூட கேக்குது." கண் கலங்கியிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று கூடத்திலிருந்து ஒரு தடவைதான் கூப்பிட்டேன், உடனே திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. என்னைக் கண்டால் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போடவும் ஆரம்பித்தார். வாராவாரம் பேட்டரி மாற்ற வருவார், நானும் மாற்றிக்கொடுப்பேன். புதுசு போட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது என்பார்.

ஒரு நாள் மனைவி சொன்னாள்: "முன்னெல்லாம் அண்ணன் ரோட்ல நாலடிக்கு ஒரு தடவ திரும்பிப் பாப்பாருங்க. இப்ப திரும்புறதே இல்ல. அவ்ளோ தைரியம் வந்திருச்சு." எல்லாம் உங்களால்தான் என்று சொல்லி எனக்குக் காப்பி கொடுத்தாள். அந்த வாரம்தான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

சம்பவத்தன்று கிடங்கில், மதிய வெயிலில், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை எடுக்க அவர் குனிந்திருக்கிறார். பின்னால் லாரி பீப் பீப் என்று கத்திக்கொண்டேதான் வந்து அவர்மேல் ஏறியதாக டிரைவர் சொல்கிறார். என் அறையில் நான் அனுப்பும் ஒலியும் ஏறக்குறைய அதேதான்.

கருவிக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்தேதான் மாட்டினேன். தெரிந்தேதான் கையெழுத்தும் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். மனைவியிடம் இதைச் சொன்னதிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. நேற்று இந்த ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள். உள்ளேயிருந்து எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவே இல்லை. நான் என்னதான் செய்வது. கேட்டும் கேட்காததுபோல இருப்பது அந்தக் குடும்பத்தின் பழக்கம்.

லாரி வந்த சத்தம் மச்சானுக்குக் கேட்டிருக்கும். என்னை இங்கே கொண்டுவந்து உட்காரவைக்கத்தான் அவர் நகராமல் இருந்திருக்கிறார்.