குனியாமல் எடுத்த பாட்டில்

வழிகாட்டி குடிக்காவிட்டால் விருந்தாளிகளும் மனம்விட்டுக் குடிக்க மாட்டார்கள். கடற்கரையில் ரம் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் விருந்தாளிகள் கிளாஸில் ரம்மும் வழிகாட்டியின் கிளாஸில் மோபியும் ஊற்றுவோம். மரப்பட்டையைக் காய்ச்சி இறக்கிய கசப்புத் தண்ணீர்தான் மோபி. நிறத்தில் இரண்டும் ஒன்றே. கரைக்குக் கரை, கடைக்குக் கடை விருந்தாளிகள் தள்ளாடுவார்கள்; வழிகாட்டி தெளிவாக பஸ் ஓட்டுவார். நீங்களும் இந்தத் தீவுக்காரர்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிளீட்டஸுக்கு அது வெறும் தொழில் தந்திரம் இல்லை. அவன் குடியில் கிடந்தவன். அந்த வருஷங்களில் அவனோடு இருந்தவள் நான். சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறேன். வாந்தியைக் கழுவியிருக்கிறேன். கை நடுங்கும் காலைகளில் கொக்கோ காய்ச்சி ஊட்டியிருக்கிறேன். கண் திறந்ததும் என் முகத்தைத்தான் தேடுவான். அப்படி ஒருவர் நம்மைத் தேடுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பிறகு குடியை விட்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: "ஒரு மிடறு போதும், மறுபடி அதே குழியிலதான் போய் விழுவே." நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

தெளிந்தவனுக்கு உடம்பு தேறியது, பேச்சு வந்தது, பஸ்ஸும் வந்தது. கப்பல் வரும் நாட்களில் கேஸ்ட்ரீஸ் துறைமுகத்தில் ஆளேற்றிக்கொண்டு கிளம்புவான். சங்கு ஊதி, "தண்ணியில கிடக்கிறவங்கல்லாம் தண்ணிக்கு வாங்க" என்று கத்துவான். நனைந்த துண்டோடு அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே ஓடி வருவார்கள். ஈஸ்டர் முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு, கடைசிக் கரையில் கடை வைத்திருக்கும் ஜோசெட் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஆனாலும் முதல் நிறுத்தம் என் கடையாகவே இருந்தது. மரியாதைக்காக என்று ஊரார் சொன்னார்கள். "எஸ்மி, நம்ம கிளாஸ்" என்பான், ஒன்றுமே நடக்காதது போல. நானும் மோபி ஊற்றுவேன்.

அந்த வியாழக்கிழமை ஜோசெட்டும் முன் சீட்டில் வந்தாள்.

"பெரியம்மா, மீன் வடை சூடா இருக்கா?"

நான் ஒன்றும் அவள் அம்மா வயதுக்காரி இல்லை. "சூடாத்தான் இருக்கு. வாய் பத்திரம்."

"இந்த வாய்க்கு ஒண்ணும் ஆகாது. தினம் இவரோட சண்டை போட்டுப் பழகின வாய்."

"பொய் சொல்லாதடி. சண்டை போடுறது நீ. நான் அடி வாங்குறவன்" என்று கிளீட்டஸ் சிரித்தான்.

என்னோடு அவன் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. சண்டை போடும் அளவுக்கு எழுந்து உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அவன் பெஞ்சின் மேல் ஏறி நின்றான். "எல்லாரும் கேளுங்க. வர்ற மாசம் எங்களுக்குக் கல்யாணம். முதல் கிளாஸ் ஜோசெட் பேர்ல." விருந்தாளிகள் ஆரவாரம் செய்தார்கள். அவன் என் பக்கம் திரும்பினான். "எஸ்மி, நீயும் ஒண்ணு எடுத்துக்க. உன் கையாலதானே நான் பொழைச்சேன்."

மோபி கீழ்த்தட்டில் இருந்தது. நான் குனியவில்லை.

முதல் மிடறிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. துப்பியிருக்கலாம். ஆனால் எல்லோருடைய போனும் அவன் முகத்துக்கு நேராக இருந்தது, ஜோசெட் அவன் தோளில் சாய்ந்திருந்தாள். விழுங்கினான். என்னைப் பார்த்தான். அவனுடைய அந்தப் பார்வையை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை. கிளாஸை என் பக்கம் நகர்த்தி, மெல்ல, "இன்னொண்ணு" என்றான்.

ஆக, இரண்டாவது அவன் கேட்டது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த கரைகளில் என்ன நடந்தது என்று கடைக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். பழக்கத்தில் மோபி ஊற்றினார்களாம். அவன் தள்ளிவிட்டு ரம் கேட்டானாம். ஏதோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் குடித்து ஜோசெட் பார்த்ததில்லை. கல்யாணச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். நானாக இருந்தால் அவன் நடையைப் பார்த்ததுமே சாவியைப் பிடுங்கியிருப்பேன். அவள் அவனை அவ்வளவுதான் தெரிந்துவைத்திருந்தாள். இறக்கத்தில் பஸ் வளைவுக்குத் திரும்பாமல் நேரே போய்விட்டது. பாறையில் மோதியது அவள் உட்கார்ந்திருந்த பக்கம். பின்சீட்டில் இருந்த இரண்டு விருந்தாளிகளும் பிழைக்கவில்லை என்று மறுநாள் கேள்விப்பட்டேன். அவர்கள் என் வடையை நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் வீட்டுக்கு வர வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். ஊற்றியது நான்தான், தெரிந்தேதான் ஊற்றினேன்.

முதுகெலும்பு போனவனை எடுத்துக்கொள்ள வேறு யாரும் இல்லாததால் ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒப்படைத்தார்கள். என்னை நீங்கள் கூட்டிப் போவதானால், பார்த்துக்கொள்ள வருபவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கொக்கோ. சாயங்காலம் கரண்டியில் கொஞ்சம் ரம். இல்லாவிட்டால் கை நடுங்கும். கரண்டியைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொள்வான். தாடையை இரண்டு பக்கமும் மெதுவாக அமுக்கினால் வாய் திறக்கும். கண்ணில் தண்ணீர் வந்தாலும் நிறுத்த வேண்டாம். இத்தனை வருஷமாகியும் என் கையால் வாங்கிக்கொள்ள அவனுக்கு இன்னும் கூச்சம்.